‘கொஞ்சம்தான் பிரஷர்’: 130-களில் நிற்கும் இரத்த அழுத்தமும் இரத்த உறைவும் – என்ன செய்ய வேண்டும்?

மருத்துவர் தந்த சீட்டில் 134/86 என்றோ 138/84 என்றோ எழுதியிருந்தால், நம்மில் பெரும்பாலோர் அதைக் ‘கொஞ்சம்தான் பிரஷர்’ என்று சொல்லி மடித்து வைத்துவிடுகிறோம். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, மாத்திரையும் எழுதித் தரவில்லை. ‘உப்பைக் குறையுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த மூன்று மாதத்தில் இரத்தக் குழாய்களுக்குள் என்ன நடக்கிறது, அதை நம் பக்கம் திருப்ப நாம் என்னவெல்லாம் செய்யலாம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. மாத்திரை இல்லாத காலம் என்பது ஒன்றும் செய்யாதிருக்கும் காலம் அல்ல. இரத்தக் குழாயின் உட்பரப்பு இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்கும் காலம் என்பதால், அதுவே மிகவும் பயனுள்ள காலம்.

முதலில் எண்களின் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 120/80-க்குக் கீழே இருப்பது இயல்பு. மேல் அளவு 130 முதல் 139 வரையிலோ கீழ் அளவு 80 முதல் 89 வரையிலோ இருந்தால் அது முதல் நிலை உயர் இரத்த அழுத்தம். இந்தியாவிலும் வேறு பல நாடுகளிலும் 140/90 என்பதே நோயின் எல்லையாக இன்றும் கொள்ளப்படுகிறது. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-இல் 120-க்கும் 139-க்கும் இடைப்பட்ட மேல் அளவை ‘உயர்ந்த இரத்த அழுத்தம்’ என்று தனியே வகைப்படுத்தியது. பெயர்கள் வேறுபட்டாலும் உடலுக்கு எந்த எல்லைக்கோடும் தெரியாது. 61 ஆய்வுகளில் பங்கேற்ற ஏறத்தாழ 10 லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2002-இல் வெளிவந்த ஆய்வு, 115/75 என்ற அளவிலிருந்தே அபாயம் படிப்படியாக ஏறுகிறது என்றும், 40 முதல் 69 வயது வரையுள்ளவர்களில் மேல் அளவு ஒவ்வொரு 20 புள்ளி உயரும்போதும் பக்கவாதத்தாலும் இதயத் தமனி நோயாலும் இறக்கும் வாய்ப்பு இரு மடங்காகிறது என்றும் காட்டியது. 135 என்பது 115-இலிருந்து 20 புள்ளி மேலே இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால், ‘கொஞ்சம்தான்’ என்ற சொல் அவ்வளவு எளிதாக நாவில் வராது.

குழாய் வெடிப்பதைவிட அடைபடுவதே அதிகம்

இரத்த அழுத்தம் என்றதும் குழாய் வெடித்துவிடுமோ என்ற அச்சமே பலருக்கும் முதலில் எழுகிறது. மூளையில் இரத்தக் கசிவு ஏற்படுவது உண்மைதான்; அது கொடியதும்கூட. ஆனால் உயர் இரத்த அழுத்தத்தின் விளைவாக வரும் மாரடைப்புகளும் பெரும்பாலான பக்கவாதங்களும் குழாய் வெடிப்பதால் அல்ல, குழாயை உறைகட்டி அடைப்பதால் வருகின்றன. அழுத்தம் கூடிய குழாயில் இரத்தம் ஏன் உறைய வேண்டும் என்ற இந்தப் புதிருக்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மருத்துவ ஆய்வாளர்கள் ‘பர்மிங்காம் முரண்’ என்றே பெயரிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ருடால்ஃப் விர்ஹோ என்ற ஜெர்மானிய நோய்க்கூறு அறிஞரின் பெயரால் வழங்கும் விளக்கத்தில் இதற்கான விடை இருக்கிறது: ஓட்டத்தில் கோளாறு, சுவரில் கோளாறு, இரத்தத்தின் கூறுகளில் கோளாறு என்ற மூன்றும் சேரும் இடத்தில் உறைகட்டி உருவாகிறது. மிதமாக உயர்ந்த அழுத்தம் நாளடைவில் இம்மூன்றையுமே தொட்டுவிடுகிறது.

இரத்தக் குழாயின் உட்பக்கம் முழுவதும் எண்டோதீலியம் எனப்படும் ஒற்றைச் செல் அடுக்கு ஒன்று விரிந்திருக்கிறது. நன்கு பழகிய தோசைக்கல்லில் மாவு ஒட்டாததுபோல, இந்த அடுக்கு நலமாக இருக்கும்வரை உறைகட்டி உருவாக முதலில் திரளும் இரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டுவதில்லை. ஒட்டாமல் வைத்திருக்க அது இடைவிடாமல் வேலை செய்கிறது. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது, தட்டணுக்களை விலக்கி வைக்கிறது. இந்த வாயு உடலில் ஆற்றும் பணியைக் கண்டறிந்ததற்காகவே 1998-இல் மூன்று அறிவியலாளர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. புரோஸ்டாசைக்ளின் என்ற இன்னொரு பொருளும் தட்டணுக்கள் திரளாமல் தடுக்கிறது. அதையும் மீறி எங்கேனும் சிறு உறைவு தோன்றிவிட்டால், அதைக் கரைப்பதற்காக டி.பி.ஏ. என்ற புரதத்தை இதே செல்கள் அந்த இடத்திலேயே வெளியிடுகின்றன.

அழுத்தம் நாள்தோறும் சற்றே கூடுதலாக இருந்தால் இந்த வேலைகள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. குழாய்ச் சுவரில் பெருகும், எதையும் எளிதில் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்த வேகத்திலேயே அழித்துவிடுகின்றன. அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற அதே ஹார்மோன், உறைவைக் கரைக்கும் டி.பி.ஏ.வின் கையைக் கட்டிவிடும் பி.ஏ.ஐ.-1 என்ற புரதத்தையும் கூட்டுகிறது. தட்டணுக்களைச் சுவரோடு பிணைக்கும் வான் வில்லிபிராண்ட் காரணி இரத்தத்தில் மிகுகிறது. உடலுழைப்புக் குறைந்தவர்களிடம் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகக் குழு நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் என்று சொல்லும் எல்லைக்குக் கீழேயே, அதாவது 140/90-ஐ எட்டாதவர்களிடமே, நைட்ரிக் ஆக்சைடால் குழாய் விரியும் திறன் குறைந்திருப்பது தெரிந்தது. மாத்திரை தொடங்காத நிலையிலேயே குழாயின் குணம் மாறத் தொடங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

இங்கே பேசுவது பெரும்பாலும் தமனிகளைப் பற்றியே. நெடுநேரம் படுக்கையில் இருப்பதாலோ அறுவை சிகிச்சைக்குப் பின்னரோ காலின் சிரைகளில் தோன்றும் உறைகட்டிக்கு வேறு காரணங்கள் முதன்மையானவை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்ப வேண்டாம்.

அளவை ஒழுங்காக எடுப்பது

எதைச் செய்வதற்கும் முன்னால் உங்கள் உண்மையான அளவு எது என்று தெரிய வேண்டும். மருந்துக் கடையில் நின்றபடியே, சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றி, கடைக்காரரோடு பேசிக்கொண்டே எடுத்த அளவை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவி ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. மணிக்கட்டில் கட்டும் கருவிகள் அவ்வளவு நம்பகமானவை அல்ல. வாங்கும்போதே உங்கள் மேல்கையின் சுற்றளவை நாடாவால் அளந்து, பட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள் அது வருகிறதா என்று பாருங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும்.

அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, தேநீர், புகை, உடற்பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, இரு பாதங்களும் தரையில் படியும்படி, காலைக் காலின் மேல் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கையை மேசை மேல் நீட்டி, பட்டை இதயத்தின் மட்டத்துக்கு வரும்படி தேவையானால் ஒரு தலையணையை அடியில் வையுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் கை இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. தாழ்ந்தாலே அளவு 7 அல்லது 8 புள்ளி ஏறிவிடும், 128 என்பது 136 ஆகிவிடும். நாம் பேசிக்கொண்டிருக்கும் மிதமான வரம்பில் இந்த எட்டுப் புள்ளியே ஒருவரை நோயாளி ஆக்கவும் நலமானவர் ஆக்கவும் போதுமானது. பட்டை இறுகும்போது பேசாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதுகூட அளவை உயர்த்தும்.

காலையில் உணவுக்கும் மாத்திரைக்கும் முன்னால் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, மாலையில் அதேபோல் இரண்டு முறை என ஏழு நாள் எடுத்து எழுதி வையுங்கள். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மீதி ஆறு நாளின் சராசரியைக் கணக்கிடுங்கள். வீட்டில் வரும் சராசரி 135/85 என்றால் அது மருத்துவமனையின் 140/90-க்குச் சமம். மருத்துவரைக் கண்டதும் அளவு ஏறுபவர்கள் உண்டு; அங்கே இயல்பாக இருந்து வீட்டிலும் அலுவலகத்திலும் ஏறுபவர்களும் உண்டு, இவர்களே அதிக அபாயத்தில் இருப்பவர்கள். முதல் முறை மட்டும் இரண்டு கைகளிலும் அளந்து பாருங்கள். இரு கைகளுக்கும் இடையே 10 புள்ளிக்கு மேல் வேறுபாடு திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிறகு எப்போதும் கூடுதலாகக் காட்டும் கையிலேயே அளக்க வேண்டும். நாடித் துடிப்பு ஒழுங்கற்றிருப்பதாகக் கருவி அடிக்கடி அடையாளம் காட்டினால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். நாள்பட்ட இரத்த அழுத்தம் இதயத்தின் மேலறைகளைத் தாறுமாறாகத் துடிக்க வைக்கக்கூடும். அங்கே தேங்கும் இரத்தத்தில் உருவாகும் உறைகட்டி நேரே மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கும்.

நடை

குழாயின் உட்பரப்பை மீட்பதற்கு நடையைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து வேறில்லை. இதை உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் வேகமாக நடக்கும்போது இரத்தம் குழாய்ச் சுவரை உரசிக்கொண்டு விரைகிறது. அந்த உரசலே நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கும்படி எண்டோதீலியச் செல்களைத் தூண்டுகிறது. முன்னே சொன்ன கொலராடோ பல்கலைக்கழகக் குழு, உடலுழைப்பில்லாத நடுத்தர, முதிய வயது ஆண்களை மூன்று மாதம் பெரும்பாலும் நடைப்பயிற்சியில் ஈடுபடுத்தியது. அவர்களுடைய குழாய்களின் விரியும் திறன் கூடியதை 2000-இலும், உறைவைக் கரைக்கும் டி.பி.ஏ.வை வெளியிடும் திறன் மீண்டதை 2003-இலும் வெளியான ஆய்வுகள் காட்டின. அவர்கள் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அல்லர், வயதால் குழாய் தளர்ந்தவர்கள். என்றாலும் தளர்ந்த உட்பரப்பு மூன்றே மாதத்தில் மீளும் என்பதற்கு இது நல்ல சான்று.

உலக சுகாதார அமைப்பு சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு. பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கும் வேகமே மிதமான வேகம். ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக நடக்கலாம். பழக்கமில்லாதவர்கள் முதல் வாரத்திலேயே ஓடத் தொடங்கக் கூடாது, குறிப்பாக அதிகாலையில். விழித்தெழும் நேரத்தில் இரத்த அழுத்தம் ஏறுகிறது, தட்டணுக்கள் ஒட்டும் தன்மை கூடுகிறது, பி.ஏ.ஐ.-1 உச்சத்தில் இருக்கிறது. மாரடைப்புகள் காலை வேளையில் அதிகம் நேர்வதற்கு இவையும் காரணம். காலையில் நடக்கவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. எழுந்து தண்ணீர் குடித்து, மெதுவாகத் தொடங்கி, பத்து நிமிடம் கழித்து வேகத்தைக் கூட்டினால் போதும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உப்பு

ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. இதை ஒவ்வொரு வேளையும் எடை போட்டுக்கொண்டிருக்க முடியாது, ஆனால் வீட்டில் எளிதாகக் கணக்குப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. புதிய உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 20 கிராம் என்றால் ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். அது 30 நாளில் தீர்ந்துவிட்டால், கழுவவும் துலக்கவும் போனதைக் கழித்தாலும், ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் வரை போகிறது. ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர்மிளகாய், கருவாடு, மிக்சர், பேக்கரிப் பண்டங்கள், ஓட்டல் சாப்பாடு எல்லாம் இந்தக் கணக்கில் வராமல் வெளியிலிருந்து சேர்பவை. பொட்டலத்தில் அடைத்த தின்பண்டத்தின் மேல் சோடியம் மில்லிகிராமில் அச்சிட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

கல்லுப்புக்கும் இந்துப்புக்கும் மாறினால் பிரஷர் ஏறாது என்று பலர் நம்புகிறார்கள். அவையும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், அதனால் பயனில்லை. உண்மையில் பயன் தருவது சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்த உப்பு. சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மாத்திரைகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடம் புரளும். மற்றவர்கள் கீரை, பயறு, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றிலிருந்தும் பொட்டாசியத்தைப் பெறலாம்.

எடையில் ஒவ்வொரு கிலோ குறையும்போதும் மேல் அளவு ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்குகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் பி.ஏ.ஐ.-1-ம் கூடும் என்பதால் உறைவு அபாயத்துக்கு இது இரட்டைக் காரணம். புகையிலை எந்த வடிவில் இருந்தாலும் எண்டோதீலியத்தை நேரடியாகச் சிதைக்கிறது. அதில் சமரசம் கிடையாது.

பிரஷரை ஏற்றும் மருந்துகளும் தேவையற்ற ஆஸ்பிரினும்

உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியை ஒரு முறை கொட்டிப் பாருங்கள். மூட்டுவலிக்குச் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் ஆகிய இரண்டும் இரத்த அழுத்தத்தை ஏற்றும். மூக்கடைப்புக்கான சில சளி மாத்திரைகளும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் அப்படியே. கருத்தடை மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் உள்ளவை அழுத்தத்தையும் உறைவு அபாயத்தையும் சேர்த்தே கூட்டக்கூடியவை. பிரஷர் இருப்பதை மருத்துவரிடம் சொல்லி வேறு முறையைக் கேளுங்கள். இருமலுக்கு நாம் தயங்காமல் வாயில் போட்டுக்கொள்ளும் அதிமதுரமும் இந்தப் பட்டியலில் உண்டு. அதில் உள்ள கிளிசிரைசின் என்ற பொருள், வாரக்கணக்கில் உட்கொண்டால் உடலில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றி அழுத்தத்தை உயர்த்துகிறது. எப்போதோ ஒரு துண்டு கெடுதல் இல்லை. நாள்தோறும் கஷாயமாகக் குடிப்பது கெடுதல்.

இரத்தம் உறைவதுதான் பிரச்சினை என்று தெரிந்ததும், ‘அப்படியானால் தினமும் ஒரு சிறு ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமே’ என்று தோன்றுவது இயல்பு. தயவுசெய்து நீங்களாகத் தொடங்காதீர்கள். மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் உயிர் காக்கும் மருந்து. ஆனால் அவை வராத முதியவர்கள் 19,114 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரின் இதயநோயைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கவில்லை, பெரிய இரத்தக் கசிவுகளைக் கூட்டியது. அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர் அதை உட்கொண்டால் மூளையில் கசிவு ஏற்படும் வாய்ப்பும் கூடும். குழாயின் உட்பரப்பைச் சீராக்காமல் தட்டணுக்களை மட்டும் முடக்குவது காரணத்தைத் தொடாத வேலை.

பரிசோதனையும் மாத்திரையும்

மிதமான பிரஷருக்காக உறைவுச் சோதனைகள் செய்துகொள்ளத் தேவையில்லை. சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், ஈ.சி.ஜி. ஆகியவற்றோடு சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம், சிறுநீரில் நுண்ணளவு ஆல்புமின் கசிவது சிறுநீரகத்தின் குழாய்ச்சுவர் தளர்ந்துவிட்டதற்கான தொடக்க அடையாளம். பெரும்பாலும் உடலெங்கும் உள்ள எண்டோதீலியத்தின் நிலையையும் அது சொல்லிவிடும்.

மாத்திரை எப்போது தேவை? 140/90-ஐ எட்டி அது உறுதியானால் எல்லோருக்கும் மருந்து என்பது உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டுதல். ஏற்கெனவே இதயநோய் இருந்தால் மேல் அளவு 130-இலேயே தொடங்கலாம் என்கிறது. சர்க்கரை நோய், சிறுநீரக நோய், கூடிய இதயநோய் அபாயம் உள்ளவர்களுக்கும் அவ்வாறே பரிந்துரைக்கிறது. எனவே 134 என்ற ஒரே எண் இரண்டு பேருக்கு இரண்டு பொருள் தரும். பக்கத்து வீட்டுக்காரருக்கு மாத்திரை இல்லை என்பதால் உங்களுக்கும் தேவையில்லை என்று ஆகாது. தொடங்கிய மாத்திரையை அளவு இறங்கியதும் நிறுத்துவது பெருந்தவறு; இறங்கியிருப்பதே மாத்திரையால்தான். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. செலவையும் அலைச்சலையும் காரணம் காட்டி நிறுத்தியவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

உடனே விரைய வேண்டிய தருணம்

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ திடீரெனச் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். தானாகச் சரியாகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உறைகட்டியால் வந்த பக்கவாதமாக இருந்தால், முதல் நான்கரை மணி நேரத்துக்குள் அதைக் கரைக்கும் ஊசி போட முடியும். அந்த ஊசி மருந்து வேறொன்றுமில்லை, நம் இரத்தக் குழாய்கள் தாமாகச் சுரக்கும் அதே டி.பி.ஏ.; மாரடைப்புக்கு 1987-இலும் பக்கவாதத்துக்கு 1996-இலும் அமெரிக்காவில் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது. வந்திருப்பது அடைப்பா கசிவா என்று ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும் என்பதால், வழியில் ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். அழுத்தத்தை இறக்குகிறேன் என்று நாக்கின் அடியில் மாத்திரை வைக்கவும் வேண்டாம். ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்லுங்கள். நோயாளி கடைசியாக நலமாக இருந்ததைப் பார்த்த நேரத்தைத் தாளில் எழுதிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஊசி போடலாமா என்று முடிவெடுக்க மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.